இரு ஸஹீஃபாக்கள்: ஊடகப் பணியும் குடிமையும்

ஊடகத்தில் பணிபுரிவோரின் குடிமை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் நம் செவிகளில் விழுகின்றன. 'நான் முதலில் பத்திரிகையாளன். பிறகுதான் குடிமகன்' என்பது ஒன்று. 'நான் முதலில் இந்நாட்டின் குடிமகன். பிறகுதான் பத்திரிகையாளன்' என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்பவர் தம் தொழிலை மக்களுக்கு அப்பாற்பட்ட ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறார். பின்னதைச் சொல்பவரோ பெரும்பாலும் குடிமகன் என்னும் சொல்லை ஆட்சியாளருக்கு இசைந்து நடப்பவன் என்ற பொருளிலேயே கையாள்கிறார். இவ்விரு கூற்றுகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது எமது துணிபு. குடிமையும் ஊடகப் பணியும் தனித்தனிப் பொருள்கள், அவற்றுள் ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைக்கலாம் என்று அவை கருதுகின்றன. நம் நாட்டின் அரசியல் சாசனமும் அவ்வாறு கருதவில்லை. நம் மார்க்க மரபும் அவ்வாறு கருதவில்லை.

சாசனம் காட்டும் இடம்

இந்திய அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்றொரு தனிப் பிரிவு இல்லை. இது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. பத்திரிகை என்ற சொல்லே அங்கு இடம்பெறவில்லை. அரசியல் நிர்ணய சபையில் இக்குறை சுட்டிக்காட்டப்பட்டபோது, 1948 டிசம்பர் 2 அன்று டாக்டர் அம்பேத்கர் அதற்கு விடையளித்தார். ஒரு குடிமகனுக்கு இல்லாத எந்தத் தனியுரிமையும் பத்திரிகைக்கு இல்லை. ஆசிரியரும் மேலாளரும் குடிமக்களே. அவர்கள் எழுதும்போது தம் குடிமை உரிமையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்பது அவ்விடையின் சாரம்.

இவ்விடையை ஆழ்ந்து நோக்குவோர் ஒன்றை உணர்வர். நம் நாட்டில் ஊடகப் பணியாளருக்குக் குடிமையை விலக்கினால் எஞ்சுவது ஒன்றுமில்லை. தேநீர்க் கடையில் அமர்ந்து நாட்டு நடப்பைப் பேசும் ஒருவரிடம் உள்ள அதே உரிமைதான் தலைநகரில் ஒளிவிளக்குகளின் நடுவே அமர்ந்திருக்கும் நெறியாளரிடமும் உள்ளது. ஒருவரின் குரல் பத்துப் பேரைச் சென்றடைகிறது; மற்றவரின் குரல் பத்துக் கோடிப் பேரைச் சென்றடைகிறது. எட்டும் தொலைவில்தான் வேறுபாடு, உரிமையில் வேறுபாடில்லை.

நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டின் மீதே தம் தீர்ப்புகளை எழுப்பின. ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாதென அன்றைய சென்னை மாகாண அரசு தடை விதித்தது. 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எழுதும் உரிமையோடு எழுதியது மக்களிடம் பரவும் உரிமையும் சேர்ந்ததே கருத்துரிமை என்று அத்தீர்ப்பு நிறுவியது. மறு ஆண்டே சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, அவ்வுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களை விரித்தது என்பதும் வரலாறு. பின்னர் 1963இல், வணிக நிறுவனம் எதுவும் 19ஆம் பிரிவின் பொருளில் குடிமகன் ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972இல் பென்னட் கோல்மன் வழக்கில், செய்தித்தாள் காகிதக் கட்டுப்பாட்டை ஆராய்ந்தபோது, பத்திரிகைச் சுதந்திரம் வாசிக்கும் மக்களின் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது என்னும் கருத்து வலுப்பெற்றது. 1995இல் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றைகள் பொதுமக்களின் சொத்து என நீதிமன்றம் அறுதியிட்டுரைத்தது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் பெறப்படும் முடிவு யாது? நிறுவனம் குடிமகன் அன்று; அலைக்கற்றை நிறுவனத்தின் உடைமையும் அன்று; உரிமை எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் பொதுவானது. அப்படியாயின் ஊடகப் பணியாளர் கையில் இருப்பது சக குடிமக்கள் ஒப்படைத்த ஓர் அமானிதமே. அமானிதத்தை ஒப்படைத்தவருக்கு எதிராகவே அதனைப் பயன்படுத்துவதற்கு நம் மார்க்கம் இட்ட பெயர் கியானத். நம்பிக்கைத் துரோகம் என்று தமிழில் சொல்லலாம்.

சொற்கள் சுமந்து வரும் பொருள்

குடிமகனைக் குறிக்க இன்றைய அரபியில் வழங்கும் சொல் 'முவாத்தின்'. குடிமைக்கு 'முவாத்தனா'. 'வத்தன்' என்ற வேர்ச்சொல் தாயகத்தைக் குறிப்பதை நாமறிவோம். ஆயின் இச்சொல்லின் வாய்பாடு நாம் கவனிக்க வேண்டியது. ஸர்ஃப் கலை பயின்ற மாணவர் 'முஃபாஅலா' வாய்பாடு பெரும்பாலும் இருதரப்பும் பங்குகொள்ளும் செயலைக் குறிக்கும் என்பதை முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறார். முகாத்தலா என்றால் ஒருவரோடொருவர் போரிடல். முஷாவரா என்றால் ஒருவரோடொருவர் கலந்தாலோசித்தல். அவ்வகையில் முவாத்தின் என்பவர் மற்றொருவரோடு தாயகத்தைப் பகிர்ந்துகொள்பவர். தனியொருவர் முவாத்தினாக இருத்தல் இயலாது. எதிரே இருப்பவரின் குடிமையை மறுத்த கணத்தில், மறுத்தவரின் குடிமையும் இலக்கணப்படியே பொருளிழந்துபோகிறது.

தமிழில் 'குடிமை' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. திருக்குறளில் அப்பெயருடைய அதிகாரம் நற்குடிப் பிறப்பின் சிறப்பைப் பேசுகிறது. பிறந்த குலத்தைச் சுட்டிய சொல் இன்று சட்டத்தின் முன் சமமான உறுப்பினராதலைச் சுட்டுகிறது. சொல் பழையதே, பொருள் பிறப்பிலிருந்து உரிமைக்கு நகர்ந்துவிட்டது. ஆயினும் சில தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும்போது, 'உன் மூதாதையர் எங்கிருந்து வந்தனர்?' என்று வினவி அச்சொல்லைப் பழைய பொருளுக்கே இழுத்துச் செல்வோரை நாம் காண்கிறோம்.

நவீன அரபுலகில் தாயகம், குடிமை ஆகிய கருத்துகளை வளர்த்தெடுத்தோரில் முதன்மையானவர்கள் பத்திரிகையாளர்களே என்பதும் எண்ணத்தக்கது. அல்அஸ்ஹரில் பயின்று, 1826இல் பாரிஸுக்குச் சென்ற எகிப்திய மாணவர் குழுவின் இமாமாகப் போன ரிஃபாஆ அத்தஹ்தாவி, பின்னாளில் 'அல்வகாயிஉல் மிஸ்ரிய்யா' இதழின் ஆசிரியராக விளங்கினார். ஒரு தாயகத்தின் மக்களுக்கிடையே நிலவ வேண்டிய உரிமைகளையும் கடமைகளையும் பற்றி 1872இல் வெளியான 'அல்முர்ஷிதுல் அமீன்' என்னும் நூலில் அவர் விரிவாக எழுதினார். 1860இல் லெபனான் மலைப்பகுதியிலும் டமாஸ்கஸிலும் சமயக் கலவரங்கள் வெடித்துப் பல்லாயிரவர் மாண்டபோது, பெய்ரூத்தில் புத்ருஸ் அல்புஸ்தானி என்ற கிறித்தவ அறிஞர் 'நஃபீரு சூரிய்யா' என்னும் பெயரில் 11 தாள்களை அடுத்தடுத்து வெளியிட்டார். தாயகத்தின் மக்களே என்று அனைவரையும் விளித்தே அவை எழுதப்பட்டன. வெளியிட்டவர் தம் பெயரையும் இட்டுக்கொள்ளவில்லை. தாயகத்தை நேசிப்பவர் என்றே கையொப்பமிட்டார். அதே கலவரத்தின்போது டமாஸ்கஸில் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரி ஆயிரக்கணக்கான கிறித்தவர்களுக்கு அடைக்கலம் தந்து காத்தார். ஒருவர் வீட்டு வாயிலைத் திறந்து செய்த பணியை மற்றவர் அச்செழுத்தால் செய்தார். குடிமை உடைந்து சிதறிய நாளில் அதனை ஒட்டவைப்பதே செய்தித்தாளின் வேலை என்று புஸ்தானி கருதினார்.

இரு ஏடுகள்

செய்தித்தாளை அரபியில் 'ஸஹீஃபா' என்கிறோம். இச்சொல் நபிகளாரின் வரலாற்றில் இரண்டு ஆவணங்களுக்குப் பெயராக நிற்கிறது.

முதலாவது மக்காவில் எழுதப்பட்டது. நபித்துவத்தின் 7ஆம் ஆண்டில் குறைஷித் தலைவர்கள் கூடி, பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் ஆகிய இரு குலத்தாரோடு எவரும் மணவுறவு கொள்ளக் கூடாது, கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்று ஓர் ஏட்டில் எழுதிக் கஅபாவினுள் தொங்கவிட்டனர். அபூதாலிப் கணவாயில் குழந்தைகள் பசியால் அழுத ஓசை வெளியே கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அந்த ஏட்டை எழுதியவரின் பெயரையும் இப்னு ஹிஷாம் நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளார். மன்ஸூர் பின் இக்ரிமா என்பவர் அவர். வேறு பெயரும் சொல்லப்படுவதுண்டு. முடிவெடுத்தவர்கள் குறைஷிப் பெருந்தலைவர்கள். இவர் எழுதிக் கொடுத்தவர் மட்டுமே. எனினும் அவருடைய விரல்கள் செயலிழந்தன என்று அவ்வரலாறு கூறுகிறது. 'எனக்கு ஆணையிட்டதை நான் எழுதினேன்' என்ற சமாதானம் எழுதிய கைக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை அளிப்பதில்லை என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம்.

இரண்டாவது ஸஹீஃபா மதீனாவில் எழுதப்பட்டது. முஹாஜிர்கள், அன்ஸார்கள், யூதக் குலத்தார் ஆகியோரின் பரஸ்பர உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்த அந்த உடன்படிக்கையை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்பதும், நகரைக் காக்கும் கடமை அனைவர்க்கும் என்பதும் அதன் உள்ளீடு. அதனை இன்றைய பொருளில் ஒரு குடியுரிமைச் சட்டம் என்று உரிமை கொண்டாடுவது மிகையாகும். எனினும் இரத்த உறவுக்கு அப்பால், ஒரு நகரில் வாழ்வோர் என்ற அடிப்படையில் மனிதரை இணைத்த ஏடு அது என்பதில் ஐயமில்லை.

ஒரு ஸஹீஃபா ஒரே ஊராரை உறவிலிருந்து விலக்கியது. மற்றொரு ஸஹீஃபா வேற்றுக் குலத்தாரை ஓர் ஊராராக்கியது. ஒவ்வொரு நாளும் காலையில் நம் வாயிலில் விழும் ஸஹீஃபா இவ்விரண்டில் எதன் வாரிசு என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

2020இன் படிப்பினை

இவ்வினாவுக்கு அண்மை வரலாறு கசப்பான விடையொன்றைத் தந்தது. 2020 மார்ச் நடுப்பகுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தினர் கூடியிருந்தனர். மார்ச் 16 அன்று டெல்லி அரசு 50 பேருக்கு மேல் கூடுவதைத் தடை செய்தது. மார்ச் 25இல் நாடு முழுதும் முடக்கப்பட்டது. மாத இறுதியில் மர்கஸிலிருந்து 2,300க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். கொள்ளைநோய்க் காலத்தில் அத்தனை பேர் ஓரிடத்தில் தங்கியிருந்ததை விமர்சிப்பது தவறன்று. பொறுப்பாளர்களின் முன்னெச்சரிக்கையின்மையைக் கேள்விக்குட்படுத்துவது ஊடகத்தின் கடமையே. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையாதீர், அங்கிருந்து வெளியேறாதீர் என்று பணித்த நபியின் உம்மத்தார் அக்கேள்வியைத் தவறெனச் சொல்ல இயலாது.

ஆனால் நிகழ்ந்தது வேறு. ஒரு கூட்டத்தின் கவனக்குறைவு ஒரு சமுதாயத்தின் சதியாக உருமாற்றப்பட்டது. நோய்த்தொற்றுக்கு 'ஜிஹாத்' என்ற பின்னொட்டுச் சூட்டப்பட்டது. வாரக் கணக்கில் இரவு விவாதங்கள் அச்சொல்லைச் சுற்றியே நடந்தன. ஏப்ரலில் வடமாநிலங்களின் சில ஊர்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளிடம் வாங்காதீர்கள் என்ற குரல்கள் எழுந்தன. தள்ளுவண்டிக்காரர்களிடம் பெயர் கேட்கப்பட்டது. கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்ற மக்காவின் ஏடு பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வண்ணத்திரையில் மீண்டும் தொங்கவிடப்பட்டது போலிருந்தது அக்காட்சி.

பின்னர் நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர் மீதும் அவர்களோடு சேர்க்கப்பட்ட இந்தியர்கள் மீதும் தொடுக்கப்பட்ட வழக்குகளை ரத்துச் செய்தது. மர்கஸுக்கு வந்த வெளிநாட்டவருக்கு எதிராக அச்சு ஊடகங்களிலும் மின்னணு ஊடகங்களிலும் பெரும் பிரசாரம் நடந்தது எனவும், அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டனர் எனவும் நீதிபதி நலவாடே எழுதினார். உடனமர்ந்த நீதிபதி முடிவில் உடன்பட்டார். சில கருத்துகளில் மட்டும் வேறுபட்டார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று டெல்லி நீதிமன்றமொன்று 14 நாடுகளைச் சேர்ந்த 36 பேரை விடுதலை செய்தது. 2021 ஜூனில், செய்தி அலைவரிசைகள் தமக்கென அமைத்துக்கொண்ட தரக்கட்டுப்பாட்டு அமைப்பு, கன்னட அலைவரிசை ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாயும் மற்றொன்றுக்கு 50,000 ரூபாயும் அபராதம் விதித்தது. இறுதியாக 2025 ஜூலை 17 அன்று, வெளிநாட்டவரைத் தங்கவைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளையும் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது.

குற்றச்சாட்டு ஒரே இரவில் வீடுதோறும் சென்றது. நிரபராதித்துவம் ஐந்தாண்டுகள் நடந்து வந்தது. வந்து சேர்ந்தபோது அதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டது என்பதை வாசகர்களே நினைவுகூரட்டும். இங்கு எமது விமர்சனம் ஊடகங்கள் முஸ்லிம்களைப் புண்படுத்தின என்பதன்று. புண்படுதல் சிறிய விஷயம். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குடிமை உரிமையைக் கொண்டு குடிமக்களில் ஒரு பகுதியினரைக் குடிமைக்கு வெளியே தள்ள முனைந்தன என்பதே எமது விமர்சனம்.

ஒரு சொல்லே இவ்வேலையைச் செய்துவிட வல்லது. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. இடம்பெறாமை ஒருவரை வெளிநாட்டவராக்கிவிடாது. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் வெளிநாட்டினர் தீர்ப்பாயத்துக்கும் அதற்கு மேலுள்ள நீதிமன்றங்களுக்கும் உரியது. ஆயினும் அவர்களை 'ஊடுருவியோர்' என்று ஒரே சொல்லில் எழுதிய தலைப்புகள் உண்டு. பல்லாண்டு விசாரணைக்குப் பின் ஒரு தீர்ப்பாயம் சொல்ல வேண்டியதை உதவி ஆசிரியர் ஒருவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்.

சாட்சியத்தின் தகுதி

இஸ்லாமிய மரபில் செய்தி சொல்பவர் சாட்சியின் நிலையில் நிற்பவர். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர ஆராயுமாறு பணிக்கிறது. ஆராயாமையால் அறியாது ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்று காரணமும் சொல்கிறது. அங்கு அஞ்சப்படும் விளைவு ஒரு கூட்டத்தாருக்கு நேரும் தீங்கு என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமோ தமக்கும், பெற்றோருக்கும், உறவினருக்கும் எதிராயினும் நீதியான சாட்சியம் அளிக்குமாறு கட்டளையிடுகிறது.

கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதோருக்குக் கசையடியோடு மற்றொரு தண்டனையையும் அந்நூர் அத்தியாயம் விதிக்கிறது. அவர்களுடைய சாட்சியம் ஏற்கப்படாது என்பதே அது. பாவமன்னிப்புத் தேடியபின் ஏற்கப்படும் என்பது ஷாஃபியீ மத்ஹபின் நிலை. அதன் பின்னும் ஏற்கப்படாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இச்சட்டத்தைப் பிற அவதூறுகள் மீது அப்படியே பொருத்துவது ஃபிக்ஹ் முறைமையன்று. எனினும் அதன் ஹிக்மத் தெளிவானது. பிறர் மானத்தைக் குலைத்தவர் சமூகத்தின் முன் பேசும் தகுதியை இழக்கிறார். இன்றைய ஊடக உலகிலோ பொய்ச் செய்தி பரப்பியவர் மறுநாள் மாலையும் அதே இருக்கையில் அமர்கிறார். அபராதத் தொகை நிறுவனத்தின் கணக்கில் ஒரு செலவாகக் கழிகிறது. சாட்சியின் தகுதிக்கோ எக்குறையும் நேர்வதில்லை.

முஹத்திஸ்கள் 'ஸஹஃபீ' என்ற சொல்லை இகழ்ச்சியாகக் கையாண்டனர். ஆசிரியரிடம் நேரில் கேட்டுக் கற்காமல் ஏடுகளைப் பார்த்து மட்டும் ஒப்பிப்பவர் என்பது அதன் பொருள். அத்தகையோரின் வாசிப்பில் நேரும் பிழைகளைத் 'தஸ்ஹீஃப்' என்றனர். ஹிஜ்ரி 382இல் மறைந்த அபூ அஹ்மத் அல்அஸ்கரி அப்பிழைகளைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார். இன்று அதே எழுத்துகளால் ஆன சொல் பத்திரிகையாளரைக் குறிக்கிறது. மூலத்துக்குச் செல்லாமல், பாதிக்கப்பட்டவரிடம் ஒரு சொல் கேட்காமல், ஒரு செய்தி நிறுவனம் தந்ததை மற்றொரு நிறுவனம் எடுத்தாளும் வழக்கத்தைக் காணும்போது, பழைய பொருள் முற்றாக மறைந்துவிடவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் இதழ்களும் இவ்வினாவுக்கு உட்பட்டவையே

பிறரை அளந்த கோலால் நம்மவரையும் அளப்பதே நீதி. 1882இல் கண்டியில் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய நாள் முதல் தமிழ் முஸ்லிம் இதழியலுக்கு நெடிய மரபு உண்டு. பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' தமிழ் நடைக்காகவும் வாசிக்கப்பட்டது. மௌலானா ஆஸாத் 1912இல் கல்கத்தாவில் தொடங்கிய 'அல்ஹிலால்' முஸ்லிம்களை நாட்டின் பொது விடுதலைப் போராட்டத்துக்கு அழைத்தது; 1914இல் ஆங்கில அரசின் அச்சகச் சட்டத்துக்கு இரையாயிற்று. இம்முன்னோர் சமுதாயத்துக்காக எழுதினர். ஆயின் சமுதாயத்தோடு நின்றுவிடவில்லை.

இன்று நம் இதழ்கள் பலவற்றைப் புரட்டினால், முஸ்லிம்களுக்கு நேர்ந்த அநீதி மட்டுமே அநீதியாகப் பதிவாவதைக் காண்கிறோம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மாண்ட தொழிலாளியைப் பற்றியோ, தமிழகத்தின் முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றியோ ஒரு பத்தி காண்பதரிது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியதைப் பக்கம் பக்கமாக எழுதினோர் பலர். அதே சட்டத்தின் வரம்பில் இலங்கையே இடம்பெறாததால் அவ்வகதிகளும் விடுபட்டதை எழுதியோர் சிலர். மேலும், நமக்குச் சாதகமான வதந்தியென்றால் இஸ்னாதைக் கேட்காமலேயே அச்சேற்றும் போக்கும் உண்டு. பகைவரின் செய்திக்கு மட்டும் பொருந்தும் விதியாக அல்ஹுஜுராத் வசனத்தை எவரும் தஃப்ஸீர் செய்யவில்லை.

சித்தீக் காப்பன் விவகாரத்தில் இக்குறை வெளிப்படையாகத் தெரிந்தது. கேரளத்தைச் சேர்ந்த இப்பத்திரிகையாளர் 2020 அக்டோபர் 5 அன்று உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் கைது செய்யப்பட்டு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறையிலடைக்கப்பட்டார். 2022 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. மற்றொரு வழக்கிலும் பிணை பெற்று அவர் வெளிவந்தது 2023 பிப்ரவரி 2 அன்றுதான். வழக்கின் குற்றச்சாட்டுகள் மீது நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. அது நீதிமன்றத்தின் பணி. பிணை விசாரணையின்போது தலைமை நீதிபதி லலித், ஒவ்வொரு மனிதருக்கும் கருத்துரிமை உண்டு, பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டுமெனக் குரலெழுப்புவது சட்டத்தின் பார்வையில் குற்றமாகுமா என்று வினவினார். பத்திரிகையாளர்களுக்கு என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் என்றே சொன்னார்.

நம் இதழ்கள் காப்பனின் சிறைவாசத்தை எழுதின, எழுத வேண்டியதுதான். அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதைத்தான் போதிய அளவு எழுதவில்லை. ஹாத்ரஸில் வன்கொடுமைக்கு ஆளாகிச் செப்டம்பர் 29இல் உயிர்நீத்த 19 வயதுத் தலித் பெண்ணின் ஊருக்கு அவர் சென்றுகொண்டிருந்தார். இரவோடிரவாக உடல் எரிக்கப்பட்ட அப்பெண் அவருடைய சமயத்தவரோ மாநிலத்தவரோ மொழியினரோ அல்லர். நாம் கூறும் குடிமை அந்தப் பயணத்தில் இருந்தது. அவரை 'முஸ்லிம் பத்திரிகையாளர்' என்று மட்டும் கொண்டாடியோர் அவரது செயலின் பொருளைச் சுருக்கிவிட்டனர்.

அவருக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம். பிணைக்கு ஆள் கிடைக்காதிருந்த வேளையில் ஜாமீன் கையெழுத்திட முன்வந்தவர்களுள் ஒருவர் லக்னோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மா. மக்காவின் விலக்கேட்டைக் கிழிக்க முனைந்த ஐவரை இங்கு நாம் நினைவுகூர்கிறோம். ஹிஷாம் பின் அம்ரு, ஸுஹைர், முத்இம் பின் அதீ, அபுல் பக்தரீ, ஸம்ஆ ஆகிய ஐவரும் அன்று இஸ்லாத்தை ஏற்றவர்களல்லர். நாம் உண்டு உடுத்திருக்க, நம் ஊரார் பட்டினியில் மடிவதா என்ற உணர்வே அவர்களை எழுப்பியது. ஏட்டைக் கிழிக்கச் சென்றபோது, இறைவன் பெயர் நீங்கலாக எஞ்சியதைக் கறையான் அரித்திருந்தது என்கிறது ஸீரா.

எல்லைக்கு அப்பால்

இங்கு ஒரு ஐயம் எழலாம். ஊடகப் பணியைக் குடிமையோடு இவ்வளவு இறுகப் பிணைத்தால், குடிமகன் அல்லாதவரின் கதி என்ன? உண்மைக்குத் தேச எல்லை உண்டா? நியாயமான ஐயமே இது. சாசனமே இதற்கு வழிகாட்டுகிறது. 19ஆம் பிரிவின் கருத்துரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியது. ஆனால் 14, 21ஆம் பிரிவுகளின் சமத்துவமும் உயிருரிமையும், 25ஆம் பிரிவின் சமய உரிமையும் இந்நாட்டு மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதருக்கும் உரியவை. ஔரங்காபாத் தீர்ப்பு வெளிநாட்டவரைக் காத்தது இவ்வழியில்தான். அகதிக்கும் அயலாருக்கும் வாழும் உரிமையைத் தந்த சாசனம், பேசும் உரிமையைக் குடிமகனிடமே விட்டிருக்கிறது. ஆகவே தமக்காகப் பேச இயலாதவருக்காகப் பேசுவது குடிமகனின் கடன். பேச்சையே தொழிலாகக் கொண்ட ஊடகப் பணியாளருக்கு அது இருமடங்குக் கடன்.

நம் அரபுக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களுள் சிலர் இன்று ஊடகத் துறைக்குச் செல்ல விரும்புகின்றனர். இது வரவேற்கத்தக்கது. அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவி ஆராய்ந்த ஜர்ஹ் - தஃதீல் கலையின் வாரிசுகள் அவர்கள். தேவையின் பொருட்டு ஒருவரின் குறையை வெளிப்படுத்துவது புறமாகாத இடங்களை இமாம் நவவீ (ரஹ்) ஆறாக வகுத்திருப்பதை அறிந்தவர்கள். அநீதி இழைத்தவரை அம்பலப்படுத்துவதற்கும் ஒரு மனிதரின் மானத்தைச் சந்தையில் விற்பதற்கும் இடையிலுள்ள கோட்டை அவர்கள் கிதாபுகளிலேயே கற்றிருக்கிறார்கள். அக்கல்வியோடு இந்நாட்டின் சாசனத்தையும் ஓதிச் செல்வார்களாயின், சமுதாயத்தின் வக்கீல்களாக மட்டும் நின்றுவிடாமல் அனைவருக்கும் சாட்சிகளாக அவர்கள் விளங்க இயலும்.

எழுதுகோலைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவர் முன்னும் அவ்விரு ஸஹீஃபாக்களும் விரிந்தே கிடக்கின்றன. விலக்கேட்டை எழுதக் கட்டளையிடுவோர் எக்காலத்திலும் இருப்பர். எழுத மறுக்கும் உரிமை எழுதும் கைக்கு என்றும் உண்டு.